கார்டு ஸ்டேட்மென்டில் தெரியாத சந்தா: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

ஸ்டேட்மென்டில் கேள்விப்படாத ஒரு பெயர், பக்கத்தில் ஒரு தொகை. பழைய ஸ்டேட்மென்டைப் புரட்டினால் போன மாதமும் அதே தொகை போயிருக்கிறது. யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, "இது நான் செய்யவே இல்லை, மோசடி" என்று சொல்லத் தோன்றும். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து தேடிவிடுங்கள்.

ஏன் என்றால், நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை வைத்துத்தான் வங்கி உங்கள் புகாரை வகைப்படுத்துகிறது. "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்பது ஒரு வகை. "நான்தான் சேர்ந்தேன், ஆனால் ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தார்கள்" என்பது வேறு வகை. கார்டு வலையமைப்பான விசாவின் விதிகளில் இணையப் பரிவர்த்தனையில் முதலாவதற்கு 10.4, இரண்டாவதற்கு 13.2 என்று தனித்தனி எண்களே உண்டு. மாஸ்டர்கார்டில் 4837, 4853. தவறான வகையில் புகார் போய்விட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்க நேரிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஸ்டேட்மென்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத வரிகள் இருந்தால், அல்லது நீங்கள் கேட்காத ஓடிபி குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தால், தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் வங்கி ஆப்பில் கார்டைத் தற்காலிகமாக முடக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பெயர் புரியவில்லை: எழுத்துகள் சுருங்கி, நடுவில் நட்சத்திரக் குறி

தெரியாத சந்தா என்று நினைப்பதில் நிறைய இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். ஸ்டேட்மென்டில் நிறுவனத்தின் பெயருக்குக் கிடைக்கும் இடம் சுமார் 22 முதல் 25 எழுத்துகள்தான். அதற்குள் அடக்குவதற்காகப் பெயரை வெட்டுகிறார்கள், உயிரெழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். அது போதாது என்று, நீங்கள் பயன்படுத்தும் ஆப்பின் பெயர் ஒன்றாகவும் அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர் வேறாகவும் இருக்கும். ஸ்டேட்மென்டில் வருவது பல நேரம் அந்தப் பதிவுப் பெயர்தான்.

நட்சத்திரக் குறி இருந்தால் அது நல்ல தடயம். குறிக்கு முன்னால் இருப்பது பணத்தை வசூலித்துக் கொடுக்கும் இடைத்தரகர், பின்னால் இருப்பது உண்மையான விற்பனையாளர். 'பேபால்' என்று தொடங்கி நட்சத்திரம் வந்தால் பேபால் கணக்கில் தேட வேண்டும். 'கூகுள்' என்று தொடங்கினால் கூகுள் ப்ளே அல்லது யூடியூப் போன்ற கூகுள் சேவை. 'ஆப்பிள்.காம்/பில்' என்று வந்தால் ஆப் ஸ்டோர் வழியாக எடுத்த ஏதோ ஒன்று, அல்லது ஐகிளவுட் சேமிப்பிடம். மென்பொருள் விற்பனையில் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற இடைத்தரகர்களின் பெயர்கள் அடிக்கடி வரும். இவர்களிடம், பணம் கட்டிய மெயில் முகவரியையோ கார்டின் கடைசி நான்கு இலக்கங்களையோ கொடுத்து வாங்கிய பொருளைத் தேடிப் பார்க்கும் பக்கங்கள் உண்டு.

பெயரோடு சேர்ந்து ஊர்ப் பெயரோ நாட்டின் குறியீடோ தெரிந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் நிறுவனம் பதிவு செய்யப்பட்ட இடம். எங்கோ தொலைதூர நகரத்தில் உங்கள் கார்டை யாரோ தேய்த்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அடுத்து மெயில். நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுவதைவிடத் தொகையைப் போட்டுத் தேடுவது பலன் தரும், பைசா வரை அப்படியே. கிடைக்கவில்லை என்றால் ரசீது, இன்வாய்ஸ், ட்ரையல், ரெனிவல், வெல்கம் என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். தேதியையும் கவனிக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் பரிவர்த்தனை நடந்த தேதி, கணக்கில் பதிவான தேதி என்று இரண்டு உண்டு, நடுவில் சில நாள் இடைவெளி இருக்கலாம். எனவே முன்பின் ஒரு வாரத்தைப் பாருங்கள். ஸ்பேம் பெட்டி, ப்ரமோஷன்ஸ் தாவல், எப்போதோ தொடங்கி மறந்துபோன இரண்டாவது மெயில் முகவரி எல்லாவற்றிலும் தேட வேண்டும். ஆப்பிள் கணக்கின் வழியே முகவரியை மறைத்துப் பதிவு செய்திருந்தால் அந்த மறைமுக முகவரிக்கு வந்த மெயில்தான் கிடைக்கும்.

சின்னத் தொகை, 'நிலுவை' என்று காட்டுகிறது

இன்னும் கணக்கில் பதிவாகாத வரி இது. இலவச ட்ரையலில் சேரும்போது கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னத் தொகையை நிறுத்தி வைப்பது வழக்கம். அது பெரும்பாலும் சில நாளில் தானாகவே மறைந்துவிடும். நிலுவையில் இருக்கும் தொகை மீது வங்கிகள் பொதுவாகப் புகார் எடுப்பதில்லை, பதிவாகட்டும் என்று சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் எதிலும் சேரவில்லை என்றால் இதே சின்னத் தொகை ஆபத்தின் முதல் அறிகுறி. திருடிய கார்டு எண்களையும், கணிப்பொறியால் ஊகித்து உருவாக்கிய எண்களையும் மோசடிக்காரர்கள் முதலில் ஒரு சின்னத் தொகையை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். வேலை செய்கிறது என்று தெரிந்ததும் பெரிய தொகைக்குப் போவார்கள். தொகை சின்னதுதானே என்று விடுவதுதான் அவர்களுக்கு வேண்டியது. கார்டை முடக்கிவிட்டு வங்கியிடம் சொல்லிவிடுங்கள்.

திடீரென்று பெரிய தொகை, இதற்கு முன் வந்ததே இல்லை

சரியாக ஒரு வருடத்துக்கு முந்தைய அதே வாரத்து ஸ்டேட்மென்டை எடுங்கள். வருடாந்திரச் சந்தாக்கள் இப்படித்தான் வந்து நிற்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள், இணையதளப் பெயர்ப் பதிவு, விபிஎன், புகைப்படச் சேமிப்பு இவைதான் வழக்கமான ஆட்கள். முதல் வருடம் தள்ளுபடி விலை, இரண்டாவது வருடம் முழு விலை என்பதால் தொகை பழையதோடு ஒத்துப்போகாது. அதனாலேயே அடையாளம் தெரியாமல் போகிறது.

போன வருடத்தில் ஒன்றும் இல்லை என்றால், சமீபத்தில் தொடங்கிய இலவச ட்ரையல்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள், பதினான்கு நாள், முப்பது நாள் என்று கழித்துப் பார்த்தால் எந்த நாளில் சேர்ந்தீர்கள் என்பது பிடிபடும். அந்த நாளின் மெயிலையும் பிரவுசரின் வரலாற்றையும் பாருங்கள்.

இங்கே உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. ட்ரையல் முடிந்து பணம் எடுக்கத் தொடங்கும் நிறுவனங்கள் குறைந்தது 7 நாள் முன்பாக நினைவூட்டல் அனுப்ப வேண்டும், அதில் ரத்து செய்யும் இணைப்பும் இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் முதல் விசா தன் வணிகர்களிடம் கேட்கிறது. மிகக் குறுகிய ட்ரையல்களுக்கு இது எட்டாது. மற்றபடி அப்படி ஒரு மெயில் வரவே இல்லை என்றால், நிறுவனத்துக்கு எழுதும்போது அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். ரீஃபண்ட் தர மனமில்லாதவர்கள்கூட அந்த வரியைப் பார்த்தால் யோசிப்பார்கள்.

தெரிந்த சந்தாதான், ஆனால் தொகை மாறியிருக்கிறது

மூன்று காரணங்கள்: விலை ஏற்றம், வரி, நாணய மாற்று. சந்தா வெளிநாட்டு நாணயத்தில் இருந்தால் மாதாமாதம் தொகை கொஞ்சம் ஏறி இறங்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தைச் சில வங்கிகள் தனி வரியாகப் போடுவதால் யாரோ இரண்டாவது முறை எடுத்ததைப் போலவும் தெரியும். இதைப் பற்றிக் கேட்க வேண்டியது வங்கியிடம், சந்தா நிறுவனத்திடம் அல்ல.

ஒரே மாதத்தில் ஒரே நிறுவனம் இரண்டு முறை எடுத்திருக்கிறது

முதலில் இரண்டும் பதிவானவையா என்று பாருங்கள். ஒன்று நிலுவை, மற்றொன்று பதிவானது என்றால் இரண்டும் ஒரே பரிவர்த்தனையாக இருக்கலாம். இரண்டுமே பதிவாகியிருந்தால், உங்களுக்கே தெரியாமல் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. போனில் ஆப் ஸ்டோர் வழியாக ஒரு சந்தா, நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக இன்னொன்று. அல்லது மெயில் முகவரியில் ஒரு கணக்கு, போன் எண்ணில் இன்னொன்று. இரண்டில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, மற்றதன் பயன்பாட்டுப் பதிவில் எதுவும் இல்லை என்பதைக் காட்டி ரீஃபண்ட் கேளுங்கள். பயன்படுத்தாத இரட்டைச் சந்தாவுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதில் பல நிறுவனங்கள் தயக்கம் காட்டுவதில்லை.

ஆப்பை அழித்துவிட்டேன், பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது

ஆப்பை அழிப்பதும் சந்தாவை ரத்து செய்வதும் வேறு வேறு வேலைகள். ஆப் போய்விடும், சந்தா ஸ்டோர் கணக்கில் அப்படியே இருக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதைத் திறங்கள். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போக வேண்டும். போனில் ஒன்றுக்கு மேற்பட்ட கூகுள் கணக்கு இருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். சந்தா எந்தக் கணக்கில் எடுக்கப்பட்டதோ அதில் மட்டும்தான் தெரியும். பேபாலில் ஆட்டோமேட்டிக் பேமென்ட்ஸ் என்ற பகுதியில் உங்கள் பணத்தைத் தானாக எடுக்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் முழுவதும் இருக்கும். அதைத் திறந்து பார்த்தவர்களில் பலர், தேடி வந்ததைத் தவிர வேறு இரண்டையும் சேர்த்து ரத்து செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஆப்பிள் சந்தா என்றால் புதுப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாகவே ரத்து செய்துவிடுங்கள். அன்றைக்கே செய்தால் அந்த மாதப் பணம் போய்விடலாம். போய்விட்ட பணத்துக்கு ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேட்கும் வழி இருக்கிறது. கூகுள் ப்ளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகு ஆப்பை உருவாக்கியவரிடம் போகச் சொல்வார்கள்.

ரத்து செய்தேன், அப்புறமும் எடுத்தார்கள்

புகார் கொடுப்பதற்கு மிகவும் தகுதியான நிலைமை இதுதான். இதில் பலர் தோற்பதற்குக் காரணம் ஒன்றே, ரத்து செய்ததற்குச் சான்று இல்லை.

ரத்து செய்யும் பக்கங்களை வேண்டுமென்றே நீளமாக வடிவமைக்கிறார்கள். "உறுதியா?", "பாதி விலைக்குத் தரட்டுமா?", "ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாமே?" என்று மூன்று நான்கு திரைகள் வரும். மூன்றாவது திரையில் முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. நாம் உழைத்துச் சம்பாதித்த பணத்தை நம் களைப்பை வைத்துப் பிடுங்கும் இந்த ஏற்பாடு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. எனவே கடைசித் திரை வரை போங்கள். ரத்து உறுதி, இன்ன தேதி வரை பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். உறுதி மெயில் வந்ததா என்று பார்த்து, வரவில்லை என்றால் நீங்களே ஒரு மெயில் அனுப்புங்கள்.

அதில் நீளமாக எதுவும் எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இந்த மெயில் முகவரியில் உள்ள என் சந்தாவை இன்ன தேதியில் ரத்து செய்தேன். அதன் பிறகு இன்ன தேதியில், கடைசி நான்கு இலக்கங்கள் இவை கொண்ட என் கார்டில் இவ்வளவு தொகை எடுக்கப்பட்டுள்ளது. இந்தத் தொகையைத் திருப்பித் தரவும். என் கார்டு விவரத்தை உங்கள் பதிவிலிருந்து நீக்கவும். இனி எந்தத் தொகையும் எடுக்க நான் அனுமதிக்கவில்லை. ஏழு நாளுக்குள் பதில் இல்லையென்றால் வங்கியில் புகார் அளிப்பேன்."

கடைசிக்கு முந்தைய வாக்கியம் முக்கியம். அனுமதியைத் திரும்பப் பெற்றதற்கு அதுதான் எழுத்துப்பூர்வமான சான்று. சாட் பெட்டியில் பேசினால் உரையாடலைச் சேமித்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால், பேசி முடித்த கையோடு பேசிய விவரத்தை ஒரு மெயிலாக அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். முழுக் கார்டு எண்ணை மட்டும் எந்த மெயிலிலும் எழுத வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். ரத்து செய்த நாளுக்கும் பணம் எடுத்த நாளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? முந்தைய நாளே ரத்து செய்திருந்தும் பணம் போயிருந்தால், புதுப்பிப்பதற்கு இத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இருந்திருக்கலாம். மாதத் தவணையில் கட்டும் வருடாந்திர ஒப்பந்தம் என்ற வகையும் உண்டு. மாதாமாதம் எடுப்பதால் மாதச் சந்தா என்று நினைப்போம், உண்மையில் வருடம் முழுவதற்கும் ஒப்புக்கொண்டிருப்போம். அப்படியென்றால் புகாரின் பலம் குறையும். ஆனாலும் அந்த நிபந்தனை சேரும்போது தெளிவாகக் காட்டப்பட்டதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கார்டை மாற்றிய பிறகும் பழைய சந்தா தொடர்கிறது

இதைப் பார்த்துத்தான் பலர் அதிர்ந்துபோகிறார்கள். புது எண், புதுக் காலாவதித் தேதி, யாருக்கும் கொடுக்கவே இல்லை, ஆனால் பணம் போகிறது. யாரும் ஊடுருவவில்லை. கார்டு மாறும்போது புது விவரத்தைச் சந்தா நிறுவனங்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவையை விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்துகின்றன. மின்கட்டணம், காப்பீடு போன்றவை தடைபடாமல் இருப்பதற்காக வந்த ஏற்பாடு இது. தவிர, பல நிறுவனங்கள் இப்போது கார்டு எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணைச் சேமிக்கின்றன. கார்டு மாறினாலும் அந்த டோக்கன் புதுக் கார்டோடு இணைந்துகொள்ளும்.

ஆகவே சந்தாவிலிருந்து தப்பிக்கக் கார்டை மாற்றுவது நம்பகமான வழி அல்ல. வங்கியிடம் குறிப்பாகக் கேளுங்கள்: "இந்த வணிகர் என் கார்டில் தொடர் கட்டணம் எடுப்பதை நிறுத்துங்கள்." இதற்கென்றே கார்டு வலையமைப்புகளில் தனி வசதி இருக்கிறது. கார்டை இழக்காமலேயே அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் தடுக்கலாம். இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டு என்றால், 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் இ-மேண்டேட் (தொடர் கட்டணத்துக்கு முன்கூட்டியே கொடுக்கும் அனுமதி) ஏற்பாட்டின்படி, பதிவு செய்த சந்தாக்களை வங்கியின் பக்கத்திலேயே பார்த்து ரத்து செய்யலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகத் தகவலும் வர வேண்டும்.

பணம் எடுப்பதைத் தடுத்தால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று ஆகாது. நிறுவனத்திடமும் ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் பாக்கி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

எனக்குத் தெரியவில்லை, வீட்டில் யாருக்காவது தெரியுமா?

கேட்கும் விதம் முக்கியம். "யார் என் கார்டை எடுத்தது?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பிள்ளைகள் நிச்சயமாகத் திறக்க மாட்டார்கள். "இந்தத் தேதியில், இவ்வளவுக்கு ஒரு கட்டணம் வந்திருக்கிறது, யாராவது ஏதாவது விளையாட்டிலோ ஆப்பிலோ சேர்ந்தீர்களா?" என்று கேளுங்கள். பிரவுசரில் சேமித்த கார்டு, குடும்பக் கணக்கில் இணைத்த கார்டு, டிவியில் ஒரு முறை உள்ளே நுழைந்து விட்டுவிட்ட கணக்கு, இந்த மூன்று வழிகளில்தான் பெரும்பாலும் போயிருக்கும். கூடுதல் கார்டு யாருக்காவது வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் மறக்க வேண்டாம், அதன் செலவும் உங்கள் ஸ்டேட்மென்டில்தான் வரும்.

பிள்ளை தெரியாமல் வாங்கியது என்றால் வங்கிக்குப் போகாமல் ஸ்டோரிலேயே நடந்ததைச் சொல்லி ரீஃபண்ட் கேளுங்கள். வங்கியில் மோசடி என்று புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றால், அந்த ஸ்டோர் கணக்கையே முடக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. அதில் இதுவரை வாங்கிய எல்லாமும் சேர்ந்து போகும்.

எல்லாம் தேடியாகிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை

இப்போது தயங்காமல் சொல்லலாம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையோ வங்கி ஆப்பையோ மட்டும் பயன்படுத்துங்கள். "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லி, கார்டை நிரந்தரமாக முடக்கி, புது எண்ணோடு கார்டு கேளுங்கள். திருட்டு என்று பதிவானால் புதுக் கார்டின் விவரம் அந்த நிறுவனத்துக்குத் தானாகப் போகாமல் தடுக்கும்படியும் கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.

பழைய ஸ்டேட்மென்டுகளையும் முழுவதுமாகப் பார்த்து, அதே பெயரில் முன்பு போனதையெல்லாம் சேர்த்துப் புகாரில் கொடுங்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. 2023 ஏப்ரலில் விசா கொண்டுவந்த மாற்றத்தின்படி, அதே கார்டில் 120 முதல் 365 நாள் பழையதான, நீங்கள் மோசடி என்று சொல்லாத இரண்டு பரிவர்த்தனைகளை வணிகர் எடுத்துக் காட்டலாம். அவற்றில் ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) அல்லது சாதன அடையாளம் உட்பட இரண்டு விவரங்கள் இப்போதையதோடு பொருந்தினால் மோசடிப் புகார் நிற்காது. அதாவது பழைய திருட்டை நீங்கள் கவனிக்காமல் விட்டது, புதிய திருட்டை நீங்கள் செய்த செலவு போலக் காட்டிவிட முடியும். உண்மையிலேயே நீங்கள் சேர்ந்துவிட்டு மறந்திருந்தால் உங்களுக்கு எதிராக வரும் சான்றும் இதுதான்.

டெபிட் கார்டு என்றால் இன்னும் வேகம் வேண்டும். கிரெடிட் கார்டில் சர்ச்சையில் இருப்பது வங்கியின் பணம். டெபிட்டில் உங்கள் கணக்கிலிருந்தே பணம் போய்விட்டது.

புகார் கொடுக்க எவ்வளவு நாள் இருக்கிறது?

விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான புகார் வகைகளுக்கு 120 நாள். அது வங்கிகளுக்கு இடையிலான கெடு. உங்கள் வங்கி உங்களுக்குக் கொடுக்கும் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம், நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. அமெரிக்காவில் கிரெடிட் கார்டு பில்லில் பிழை இருந்தால், 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதல் பில் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியில்லாத பரிவர்த்தனைக்கு 13 மாதம் வரை இருக்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்றது. எந்த நாடாக இருந்தாலும் நாள் தள்ளத் தள்ள உங்கள் பக்கம் பலம் குறையும். நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று கெடுவைத் தாண்டிவிடாதீர்கள்.

புகாரோடு கொடுக்க வேண்டியவை: ஸ்டேட்மென்டில் அந்த வரி, ரத்து செய்த ஸ்க்ரீன்ஷாட், நிறுவனத்துக்கு அனுப்பிய மெயில், வந்த பதில் அல்லது பதில் வராத விவரம். நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். அதிகாரி உங்கள் கோபத்தைப் படிக்க மாட்டார், தேதிகளைப் படிப்பார்.

"உங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழைக்கவும்" என்று மெயில் வந்திருக்கிறது

முதலில் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். அதில் அப்படி ஒரு தொகையே இல்லையென்றால் இந்த மெயிலே பொய், அழிப்பதோடு வேலை முடிந்தது. அந்த எண்ணை அழைத்தால், ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். பணம் போவது அப்போதுதான். தேடுபொறியில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி எடுப்பதும் இதே அளவு ஆபத்து, போலி எண்களை அங்கே விளம்பரமாகவே போடுகிறார்கள். பணத்தைத் திருப்பித் தருவதற்கு ஓடிபி, பின், கார்டின் பின்புறத்து மூன்று இலக்கம் எதுவும் தேவையில்லை. கேட்கிறார்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

ரீஃபண்ட் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள், கணக்கில் வரவில்லை

ஐந்து முதல் பத்து வேலை நாள் பொறுக்கலாம். எடுத்த அதே கார்டுக்குத்தான் திரும்பும், பழைய கார்டை மாற்றியிருந்தாலும் வங்கி பொதுவாகப் புதுக் கார்டின் கணக்கில் சேர்த்துவிடும். பத்து நாளுக்கு மேல் ஆனால் நிறுவனத்திடம் ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். வணிகரின் வங்கியிலிருந்து உங்கள் வங்கிக்கு வரும் ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் அந்த எண் உண்டு, அதை வைத்து உங்கள் வங்கியால் தேட முடியும். எண்ணைத் தர முடியவில்லை என்றால் ரீஃபண்டை அவர்கள் இன்னும் அனுப்பவே இல்லை என்று சந்தேகிக்கலாம்.

வங்கியில் புகார் கொடுத்த பிறகு நிறுவனமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், வங்கியிடம் சொல்லிப் புகாரை முடித்துவிடுங்கள். இரண்டு பக்கமும் வந்த பணம் நிலைக்காது. விசாரணை முடிவதற்கு முன் வங்கி தற்காலிகமாக வரவு வைக்கும் தொகையும் அப்படித்தான், முடிவு எதிராகப் போனால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.

வங்கி புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டது

என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள், வணிகர் கொடுத்த ஆவணங்களின் நகலையும் கேளுங்கள். அவற்றைப் பொறுமையாகப் படித்தால் ஓட்டை தென்படும்: நீங்கள் பயன்படுத்தாத மெயில் முகவரி, உங்களுடையது அல்லாத ஐபி முகவரி, நீங்கள் ரத்து செய்த தேதிக்கு முந்தைய உள்நுழைவை மட்டும் காட்டும் பதிவு. அந்த ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டி மறுபரிசீலனை கேளுங்கள். அதே வாதத்தைத் திரும்ப எழுதினால் அதே பதில்தான் வரும். வங்கியின் உள் புகார்ப் பிரிவும் மறுத்தால், அந்த நாட்டில் வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்பின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கி அனுப்பிய இறுதிப் பதிலை அங்கே கேட்பார்கள், எனவே அந்தக் கடிதத்தை வாங்காமல் விடாதீர்கள்.